நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு

நர்ஸக்கா வேலை முடிந்து வந்ததும் முதலில் செய்கிற காரியம் கை கழுவுவது. ஆஸ்பத்திரியிலேயே கழுவிவிட்டுத்தான் வருவார். இருந்தாலும் கொல்லையில் கிணற்றடியில் நின்று, முழங்கை வரைக்கும் சிவப்புச் சோப்பைத் தேய்த்து, விரலிடுக்கெல்லாம் உரசி, இன்னொரு தடவை கழுவுவார். பிறகு அந்த ஈரக் கைகளை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முருங்கை மரத்தடியில் இருந்த தேனீப் பெட்டிக்கு முன்னால் போய் நிற்பார். பெட்டியைத் தொட மாட்டார், திறக்கவும் மாட்டார். கை காய்கிற வரைக்கும் சும்மா நின்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிடுவார்.

எனக்கு எரிச்சலாக வரும். ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் என்ன பாடு படுத்தியது என்று. எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணீர்தான், அதுவும் மாசி பிறந்தால் வாளி தரை தட்டும். அந்தத் தண்ணீரில் ஒரு வாளி அவர் கைக்கு. போதாக்குறைக்குப் பெட்டி நிற்கிற ஸ்டாண்டின் நாலு காலுக்கும் நாலு கிண்ணியில் தண்ணீர், எறும்பு ஏறாமல் இருக்க. பூச்சிக்கு நாலு கிண்ணி, மனுஷிக்கு ஒரு செம்பு என்று நான் முணுமுணுப்பேன். அது அவர் காதிலும் விழும். "வெயில்ல கிண்ணி காஞ்சுபோச்சுன்னா செத்த நேரத்துல எறும்பு ஏறிரும் தாயி" என்பார். முணுமுணுத்ததற்கு வருத்தப்பட்டதாகவும் தெரியாது, கோபப்பட்டதாகவும் தெரியாது. அந்த அளவுக்குக் களைத்துப்போயிருப்பார்.

மலைக்கு மேற்கே இருந்த தெரு அது. இரண்டு வீடுகளுக்கு ஒரே கொல்லை. ஒன்றில் நர்ஸக்கா. இன்னொன்றில் கல்யாணமாகி வந்த நானும், பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிற என் வீட்டுக்காரரும். அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். ஒரு டாக்டரம்மா நடத்திய பன்னிரண்டு கட்டில் பிரசவ ஆஸ்பத்திரியில் அவர்தான் எல்லாம். டாக்டரம்மா வாரத்தில் பாதி நாள் மதுரையில் இருப்பார். புருஷன் இருக்கிறாரா, செத்துவிட்டாரா, விட்டுவிட்டுப் போய்விட்டாரா என்று தெருவில் மூன்று கட்சி இருந்தது. நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. சோற்றைப் பிசைந்த கை தட்டில் இருக்க, சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப்போன ஒரு பெண்பிள்ளையிடம் போய் இதையெல்லாம் கேட்க யாருக்கு மனசு வரும்?

அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு ஒன்று உண்டு. "கையக் கழுவிட்டுச் சும்மா நிக்கிறதுதான் எங்க வேலையில பாதி. மீதிப் பாதி, வீட்டு ஆளுகளச் சும்மா நிக்க வெக்கிறது."

இதை நான் கண்ணாலேயே பார்த்தேன். எதிர் வீட்டு மருமகளுக்கு வலி எடுத்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமில்லை. மாமியார் ஒரு பக்கம் வயிற்றை அமுக்கு என்கிறாள், நாத்தனார் விளக்கெண்ணெய் கொடு என்கிறாள், வாசலில் நிற்கிற ஆண்பிள்ளைகள் வேறு யோசனை சொல்கிறார்கள். அக்கா போய்ப் பார்த்தார். வெந்நீர் போடச் சொன்னார். ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வெத்தல இருக்கா?" என்று கேட்டார். மாமியாருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு வெற்றிலை மென்று முடிக்கிற நேரத்தில் பிள்ளை பிறந்தது. அந்த மாமியார் பிற்பாடு, "அவ என்னத்தச் செஞ்சா? என் மருமவ தானே பெத்தா" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அக்காவிடம் நான் அதைச் சொன்னேன். "சரியாத்தான சொல்லியிருக்கு" என்றார்.

பூனை விஷயத்திலும் இதே கதைதான். எங்கள் துணிக்கூடையில் ஒரு பூனை குட்டி போட்டுவிட்டது. மாற்றுத் துணியெல்லாம் அதற்குள். நான் முறத்தை எடுத்துக்கொண்டு போனேன். "நாளைக்கு அதுவே தூக்கிட்டுப் போகும். கை வெக்காத" என்றார். அது நாளைக்குப் போகவில்லை, நாலு நாள் இருந்தது. நாலு நாளும் நான் ஒரே சேலையைத் துவைத்துத் துவைத்துக் கட்டினேன். என் வீட்டுக்காரர் அக்காவின் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார்.

அந்தத் தேனீப் பெட்டி அவர் கேட்டு வாங்கியதல்ல. கைத்தொழில் ஆபீஸிலிருந்து ஒருவர் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்த் தேனீ வளர்க்கச் சொல்லிக் கொடுப்பார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துக்காரர். அவர் மனைவிக்கு இரட்டைப் பிள்ளை, அக்காதான் பார்த்தார். அந்த நன்றிக்கு அவர் கொண்டுவந்து வைத்தது. இது எனக்கு எதற்கு என்று அக்கா சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் அவரே இரண்டு மூன்று தடவை வந்து, பெட்டிக்குள் சிரட்டையில் சீனிப்பாகு வைத்துவிட்டுப் போனார். மார்கழிப் பனியில் பூச்சிகள் வெளியே தலைகாட்டவே இல்லை. வெயில் ஏறின பிறகு பத்து இருபது வரும், போகும். தை நெருங்க நெருங்க முருங்கை பூத்தது. வேலியோரத்துச் செடிகளும் பூத்தன. அப்போதுதான் அக்கா எண்ண ஆரம்பித்தார்.

நர்ஸுகள் சேலையில் தலைகீழாகக் குத்திக்கொள்கிற கடிகாரம் ஒன்று அவரிடம் இருந்தது. காலை ஏழு மணிக்குப் பெட்டி முன்னால் நின்று, அந்தக் கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒரு நிமிஷம் எண்ணுவார். எல்லாப் பூச்சியையும் எண்ண மாட்டார். பின்னங்காலில் மஞ்சளாகப் பூம்பொடி ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறதே, அவற்றை மட்டும்.

"நாடி பாக்கிறீகளா?" என்று கேலி செய்தேன்.

"ஆமா, நாடிதான்" என்றார். "பொடி குஞ்சுக்குத் தீனி. அது உள்ள போகுதுன்னா அங்க குஞ்சு இருக்குன்னு அர்த்தம். குஞ்சு இருந்தா ஆத்தாக்காரி நல்லாருக்கான்னு அர்த்தம். பெறகு எதுக்குத் தொறந்து பாக்கணும்? பிள்ள பெத்தவள நிமிசத்துக்கு ஒருக்க எழுப்பி, நல்லாருக்கியா நல்லாருக்கியான்னு கேட்டுக்கிட்டா இருப்ப?"

பொங்கலன்று எண்ணிக்கை இருபத்தாறு. அன்று அவர் சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பு வந்தால் பத்து வயசு குறையும். இந்த ஒன்று மட்டும்தான் அவருக்கு ஆஸ்பத்திரி வேலை இல்லாதது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரும் கத்தாமல், யாரும் அவரைக் கூப்பிடாமல், தானாக நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு குடும்பம்.

எனக்கு அப்போது ஆறு மாசம். அதற்கு முந்தின வருஷம் ஒன்று நாலாம் மாசத்திலேயே தங்காமல் போயிருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகலாம் என்றால், எனக்கு ஆத்தாளும் இல்லை, போக வீடும் இல்லை. "நீங்கதான்க்கா பாக்கணும்" என்று ஒரு நாள் அழுதுவிட்டேன். "வேற யாரு பாப்பா? போயித் தூங்கு" என்றார். அதற்குப் பிறகு உண்மையாகவே நன்றாகத் தூங்கினேன்.

தை பாதியில் சித்தையன்கோட்டையிலிருந்து ஆள் வந்தது. அக்காவின் தங்கைக்கு டைபாய்டு. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அக்கா ஒன்றரை மாச லீவு போட்டார். "லீவாம் லீவு. அங்கயும் இதே சோலிதான்" என்று சொல்லிக்கொண்டே துணிகளை மடித்தார். போகும்போது என்னைப் பெட்டியடிக்குக் கூட்டிப்போனார்.

"கிண்ணிக்குத் தண்ணி ஊத்து. காலைல எண்ணி வாரத்துக்கு ஒரு கார்டு போடு. வேற ஒன்னும் செய்யாத. என்ன ஆனாலும் ஒன்னும் செய்யாத."

நானும் தலையை ஆட்டினேன்.

அவர் போன ஆறாம் நாள் காலையில் வெயில் ஏறியபோது பெட்டியிலிருந்து பூச்சிகள் கொட்டின. பாதிக்கு மேல் வெளியே வந்து, கொல்லை முழுக்கச் சுற்றி, முருங்கைக் கிளையில் ஒரு பலாக்காய் அளவுக்குத் திரண்டு தொங்கின. மணலை இறைத்தால் இறங்கும் என்று எப்போதோ கேட்டிருந்தேன், இறைத்தேன். இறங்கவில்லை. அரை மணி கழித்து மொத்தமாகக் கிளம்பி மலைப் பக்கம் போய்விட்டன. ராணி பழையவளாகிக் கூட்டம் பெருத்தால் பாதியைக் கூட்டிக்கொண்டு அவள் வேறிடம் போவாள், வீட்டில் புது ராணி பொரிப்பாள், அது இயல்பு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்காவின் குடும்பம் என் கண்முன்னால் ஓடிப்போனது என்பதுதான்.

என் வீட்டுக்காரர் மத்தியானச் சோற்றுக்கு வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார். "மீதி கெடக்குல்ல? அதுவும் ஓடாமப் பாத்துக்கிட்டாப் போச்சு" என்றார்.

அவர் நல்ல மனுஷர். ஒரே குறை, உலகத்தில் உள்ள எல்லாச் சங்கடத்துக்கும் பூட்டுதான் மருந்து என்று நினைப்பார். வாசலில் செத்துக் கிடந்த பூச்சி ஒன்றைத் தீப்பெட்டியில் எடுத்துப்போனார். பட்டறையில் அதன் உடம்பைக் கேஜ் வைத்து அளந்தார். ஒரு பித்தளைத் தகட்டில், அந்த அளவுக்கு ஒரு மயிரிழை கூட்டி, வரிசையாகக் கீறல் அறுத்து, அரம் போட்டு மழமழவென்று ஆக்கிக்கொண்டு வந்தார். வேலைக்காரப் பூச்சி போகும், வரும். பெரிய உடம்புக்காரி ராணி மட்டும் தாண்ட முடியாது.

"தலைவி நின்னா கூட்டம் நிக்கும். என்ன, எப்புடி?" என்றார்.

மறுநாள் சாயங்காலம் சுருட்டைப் பற்றவைத்து, வாசலில் புகையை ஊதி, பூச்சிகள் உள்ளே ஒதுங்கின நேரம் பார்த்து நாலு ஆணியில் தகட்டை அடித்தார். சுருட்டோடு கொல்லைப் பக்கமே வரக்கூடாது என்று அக்கா அவருக்குச் சட்டம் போட்டிருந்தார். அதையும் சேர்த்து மீறினோம். தகடு வெயிலில் பளபளத்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

அந்த வாரக் கார்டில், ஓடிப்போனதை எழுதக் கை வரவில்லை. அங்கே காய்ச்சல்காரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இதை வேறு எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், ஒன்றும் செய்யாதே என்று சொல்லிவிட்டுப் போனவரிடம் என்னத்தைச் சொல்வது என்ற பயம்தான். டைம்பீஸை வைத்து எண்ணினேன். பதினொன்று. கார்டில் இருபத்தெட்டு என்று எழுதினேன். அடுத்த வாரம் எட்டு. முப்பது என்று எழுதினேன். தகட்டுக் கீறலில் நுழையும்போது காலில் இருந்த பொடி உதிர்ந்து, வாசல் பலகையில் மஞ்சளாகச் சிந்திக் கிடக்கும். தினமும் அதைப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடைசிக் கார்டில் முப்பத்திரண்டு. பதிலுக்கு அக்கா ஒரே வரி எழுதியிருந்தார்: "படித்துவிட்டுத் தூங்கினேன்."

மாசி முடிகிற சமயம், அக்கா வருவதற்கு இரண்டு நாள் முன்னால், தேனீக்காரர் சைக்கிளில் வந்தார். கொல்லைக்குள் வந்ததும் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, யாருங்க இதை வெச்சது?"

என் வீட்டுக்காரர் பெருமையோடு முன்னால் வந்தார். எத்தனை நாளாயிற்று என்று தேனீக்காரர் கேட்டார். பாதிக் கூட்டம் ஓடிப்போனதைச் சொல்லி, தகடு அடித்து முப்பத்தைந்து நாள் என்றோம். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பழைய ராணி போயிருச்சுங்க. உள்ள பொரிச்சது கன்னி ராணி. அது வெளிய பறந்து போயி ஆம்பளைப் பூச்சியோட சேந்துட்டு வந்தாத்தானுங்க வேலைக்காரப் பூச்சி பெத்துப் போடும். அதுக்கு நாள் கணக்கு இருக்குதுங்க. இனித் தொறந்து விட்டாலும் போகாதுங்க. வெறும் ஆம்பளையாப் பெத்துத் தள்ளும், கூடு அழிஞ்சுரும்."

என் வீட்டுக்காரர் ஆணிகளைப் பிடுங்கித் தகட்டை எடுத்தார்.

"நானு பழநிப் பக்கம் கேம்ப் போறனுங்க, சித்திரைலதான் வருவேன்" என்றார் தேனீக்காரர். "நர்ஸம்மா வந்ததும் நீங்களே சொல்லிப்போடுங்க. சொன்னீங்கன்னா வேற கூட்டிலிருந்து முட்டையோட ஒரு தேனடை வாங்கி வெச்சு, அதுல புது ராணி வளர விட்டுக் காப்பாத்திக்குவாங்க. காந்திகிராமத்துப் பக்கம் பெட்டி வெச்சிருக்கறவங்க இருக்கறாங்க. மறந்துராதீங்க."

மறக்கவில்லை. மறந்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அக்கா வந்தார். எடை குறைந்து, கண் குழிந்து வந்தார். தங்கை பிழைத்துவிட்டாள். கை கழுவிவிட்டுப் பெட்டி முன்னால் நின்று எண்ணினார். ஒன்பது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "முப்பத்திரண்டு போட்டிருந்தியே?" என்றார். "இந்த ரெண்டு மூணு நாளாத்தான்க்கா..." என்று இழுத்தேன். "சரி, என்னமோ நடக்குது உள்ள. அதுகளே சரியாக்கிக்கிரும். பொறுப்போம்" என்றார்.

சொல்லிவிடலாம் என்று அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பூச்சிதான? போனாப் போகுது. நீ கார்டுல எழுதுனத என்னன்னு சொல்லுவ?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. தகட்டைக்கூடச் சொல்லிவிடலாம். அந்த எண்களை எப்படிச் சொல்வது?

பங்குனி பிறந்தது. வேம்பு பூத்தது. தெருவெல்லாம் வேப்பம்பூ வாசம். எங்கிருந்தோ வந்த தேனீக்கள் அந்த மரங்களில் இரைந்துகொண்டிருந்தன. எங்கள் பெட்டியில் ஏழு, ஐந்து, மூன்று என்று இறங்கியது. பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் அக்கா பெட்டியைத் திறந்தார். அவராகத் திறந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். உள்ளே அடைகள் காய்ந்து கிடந்தன. கொழுத்த ஆண் பூச்சிகள் சோம்பலாக ஊர்ந்தன. ஒரு மூலையில் மெழுகுப் பூச்சி நூலாம்படை கட்டியிருந்தது. மூடியை வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கே தொறந்து பாத்திருக்கணும்" என்றார். "முப்பத்திரண்டு ஒம்போதாகுதுன்னா சும்மா நிக்கலாமா? பொறுத்துப் பொறுத்துக் கொன்னுட்டேன்."

"பூச்சிதானக்கா" என்றேன். என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்ன அதே வார்த்தை.

"புதுசுல, ட்ரெயினிங் முடிஞ்ச வருசம், அவசரப்பட்டுக் கை வெச்சேன் ஒருத்திக்கு. பிள்ள தங்கல. அதுலருந்துதான் இந்தப் பொறுமையெல்லாம். நீங்க எல்லாரும் அதப் பெருசாச் சொல்றீக. பொறுமையாவது ஒன்னாவது, பூராவும் பயந்தான்." எழுந்து சேலையை உதறினார். "கை வெச்சும் கெட்டுச்சு, வெக்காமயும் கெட்டுச்சு. எதத்தான் செய்யிறது?"

அவர் என்னிடம் அதை ஒரு கேள்வியாகவே கேட்டார். பதில் என்னிடம் இருந்தது. விழுங்கிக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த நிமிஷத்தை நினைத்தால் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பங்குனிக் கடைசியில் பெட்டி காலியானது. நாலு கிண்ணிகளையும் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்தால் நேராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தூங்குவதாகத் தெரியவில்லை. உள்ளே நடக்கிற சத்தம் கேட்கும். என்னைப் பார்க்க வந்தால், முன்பு போலக் கையை லேசாக வைத்து எடுக்காமல், அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஆஸ்பத்திரி ஆயா வீட்டுக்கு வந்தபோது, கேட்காமலே சொன்னாள். "அக்கா முந்தி மாதிரி இல்ல தாயி. செத்த நேரம் நோவு நின்னாப் போதும், வலியக் கூட்டுற ஊசிய எடுத்துர்றாக. யாரையும் பொறுக்க விடுறதில்ல."

அதைக் கேட்டபோது எனக்குப் பயம் வந்தது. ஆனால் அது என் பிள்ளையை நினைத்துத்தான். வேறு யாரையும் நினைத்து இல்லை.

சித்திரை இரண்டாம் வாரம் காலையில் எனக்கு வலி கண்டது. ஜட்கா வண்டியில் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா மதுரையில். பத்து மணி வரைக்கும் வலி வந்தது, போனது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. ஓடு போட்ட கட்டடம், வெயிலில் அடுப்பாகக் கொதித்தது. அக்கா வந்து பார்த்தார். போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்ப வந்து பார்த்தார். மூன்றாம் தடவை தட்டும் ஊசியுமாக வந்தார்.

"இதுக்கு மேல பொறுக்க வேணாம். ஊசியப் போட்டு வலியக் கூட்டிரலாம்."

"அக்கா, பொறுங்க."

"பயப்படாத."

"நாங்கதான்க்கா தகடு அடிச்சோம்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. நான் படுத்த வாக்கிலேயே, மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். பாதி ஓடிப்போனது, பித்தளைத் தகடு, சுருட்டுப் புகை, முப்பத்தைந்து நாள், தேனீக்காரர் சொல்லிவிட்டுப் போனது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊசியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கார்டுல எழுதுனது?"

"பொய்க்கா. பதினொன்னு, எட்டு, அப்படித்தான் இருந்துச்சு. முப்பத்திரண்டு நானா எழுதுனது."

"நா வந்தப்பயே முடிஞ்சுபோச்சா?"

"நீங்க வாரதுக்கு முந்தியே முடிஞ்சுபோச்சுக்கா. நீங்க பொறுத்ததுனால இல்ல."

ஊசியைத் தட்டில் வைத்தார். ஜன்னல் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. திரும்பி வந்து என் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். முன்பு போல லேசாகத்தான் வைத்தார்.

"இதச் சொல்ல ஒனக்கு இப்பத்தான் நேரம் கெடச்சுச்சாக்கும்" என்றார். "சரி, செத்த நேரம் கண்ண மூடு. வரும்போது வரும்."

நான் தூங்கியே போனேன். பதினொன்றரைக்கு வலி தானாகத் திரும்பி வந்தது. ஒரு மணிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அக்கா தொப்புள்கொடியை வெட்டியதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் என் கட்டிலுக்கு வந்து, பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"என்மேல கோவமாக்கா?"

"கோவப்படுறதுக்கும் தெம்பு வேணும்ல தாயி" என்றார். பஞ்சைப் பீங்கானில் போட்டார். "பூச்சி போனதப் பத்திக்கூட ஒன்னுமில்ல. அது போனா இன்னொரு பெட்டி."

பிறகு பிள்ளையைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்தார்.

"இந்தப் பங்குனி பூராவும் நா அவசரப்பட்டுக் கை வெச்ச பொம்பளைங்க இருக்காக. பொறுத்திருந்தா ஆகியிருக்கும். நாந்தான் பொறுக்கல. எல்லாம் நல்லபடியா முடியல."

"யாருக்கா? யாருக்கு என்னாச்சு?" என்றேன்.

"யாரு யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார். "ஒனக்கு வேணாம். நீ பால் குடுக்கிறவ."

பிள்ளையை என் பக்கம் கிடத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் நாங்கள் வேறு தெருவுக்கு மாறினோம். அக்காவும் பிறகு வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பெயர்களை அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். நான் திண்டுக்கல்லிலேயே இருந்தேன். பள்ளிக்கூட வாசலில், சந்தையில், கல்யாண வீட்டில், என் மகள் வயதுப் பிள்ளைகளைப் பெற்ற பெண்கள் பேச்சுக்கொடுப்பார்கள். எந்த ஆஸ்பத்திரியில் பெற்றாய், எந்த மாசம் என்று அவர்கள் சாதாரணமாகக் கேட்பார்கள். சித்திரை என்று நான் சொல்லுவேன். உனக்கு எந்த மாசம் என்று ஒருத்தியிடமும் நான் திருப்பிக் கேட்டதில்லை.